அப்பா போட்ட ஒரே கமென்ட், கடை பேரு சந்தி சிரிக்குது. என்ன பண்றதுன்னு சொல்லுங்க

சேவுக்கடை_மகன் | திங்கள் இரவு 11.10

வணக்கம் மக்களே, ரெண்டு வருஷமா சும்மா வாசிச்சிட்டுப் போற ஆளு நான், இன்னைக்குதான் முதல்ல எழுதுறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க. எங்களுக்கு சாத்தூர்ல சேவுக்கடை, தாத்தா ஆரம்பிச்சது, காராச்சேவு மிக்சர் கருப்பட்டி மிட்டாய் இதுதான் யாவாரம். கொரோனாவுக்கு அப்புறம் நான் வேலைய விட்டுட்டு வந்து இன்ஸ்டா ஃபேஸ்புக்லாம் ஆரம்பிச்சு கூரியர்ல அனுப்பிட்டு இருக்கோம், நல்லாதான் போச்சு.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி சென்னையில இருந்து ஒரு அக்கா 1 கிலோ காராச்சேவு ஆர்டர் போட்டாங்க. கூரியர்ல எங்கயோ மாட்டி எட்டு நாள் கழிச்சுதான் போய்ச் சேர்ந்திருக்கு, பாக்கெட் ஓரத்துல பிரிஞ்சும் இருந்திருக்கு. காறல் அடிக்குது, பழைய எண்ணெயில சுட்டிருக்காங்கன்னு ரீல் போட்டுட்டாங்க. இப்ப 2 லட்சத்துக்கு மேல பார்த்திருக்காங்க. இதுல கொடுமை என்னன்னா அவங்க அதுக்கு முன்னாடி நமக்கு ரெண்டு மெசேஜ் பண்ணியிருக்காங்க, அது தெரியாதவங்க அனுப்புறது போய்ச் சேர்ற மெசேஜ் ரிக்வெஸ்ட்ல போய் உக்காந்திருக்கு, நான் அந்தப் பக்கமே போறதில்ல.

சரி அதோட போயிருந்தா பரவால்ல. அந்த ரீல யாரோ எங்க ஊர் ஃபேஸ்புக் குரூப்ல ஷேர் பண்ண, அப்பா அவரோட சொந்த ஐடியில வந்து "ஓசியில கேட்டிருப்ப, குடுக்கலன்னதும் வீடியோ போடுற, உனக்கெல்லாம் சேவு திங்கத் தெரியுமா"ன்னு போட்டுட்டார். ப்ரொஃபைல் போட்டோவே கடை போர்டுக்குக் கீழ நின்னு எடுத்தது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இப்ப ரீல விட அதுதான் ஓடுது. இதுக்கு நடுவுல என் மச்சான் நல்லது பண்றேன்னு சொந்தக்காரங்க 40 பேர வச்சு கூகுள்ல ஒரே ராத்திரில 5 ஸ்டார் போட வச்சிட்டான்.

வக்கீல் நோட்டீஸ் விடலாம்ங்கிறார் அப்பா. கமென்ட்ட டெலீட் பண்ணவா, பேஜ கொஞ்ச நாள் மூடி வைக்கவா, ஒண்ணும் புரியல.

மொறுமொறு | 11.18

அண்ணே சேவு லிங்க் குடுங்க, நாங்களே தின்னு பார்த்து தீர்ப்பு சொல்றோம்

பழைய_ஏஜென்சிக்காரன் | 11.41

தம்பி முதல் வேலை, அப்பாகிட்ட இருந்து போன வாங்கி பீரோவுல வை. விளையாட்டுக்குச் சொல்லல. 14 வருஷம் விளம்பர ஏஜென்சில இந்த வேலைதான் பார்த்தேன், பிரச்சனைய பெருசாக்குறது முதல் புகார் இல்ல, அதுக்கு நாம போடுற முதல் பதில்தான்.

பேஜ மூடாத. மூடினா ஓடிட்டாங்கன்னு அதுக்கு ஒரு ரீல் வரும். கமென்ட்ட எடுக்கணும், ஆனா சத்தமில்லாம எடுக்கக் கூடாது, ஸ்க்ரீன்ஷாட் ஊர் பூரா இருக்கும்போது சத்தமில்லாம எடுத்தா திருட்டு முழி மாதிரி இருக்கும். எடுத்துட்டோம், போட்டது தப்புன்னு கடை பேஜ்லயே சொல்லணும்.

அமெரிக்கால 2011ல ரெட் கிராஸ் ஆபீஸ்ல ஒரு அம்மா தன்னோட சொந்த அக்கவுன்ட்ல போட வேண்டிய பீர் குடிக்கிற ட்வீட்ட தெரியாம ரெட் கிராஸ் அக்கவுன்ட்ல போட்டுட்டாங்க. அவ்வளவு பெரிய ரத்ததான அமைப்பு, பதறிப் போய் பத்து பக்கம் அறிக்கை விடல. ட்வீட்ட எடுத்தாச்சு, ரெட் கிராஸ் நிதானமாதான் இருக்கு, வண்டிச் சாவிய பிடுங்கி வச்சிட்டோம்ங்கிற மாதிரி ரெண்டு வரி போட்டாங்க, அவ்வளவுதான். அந்த பீர் கம்பெனி ரசிகர்களே ரெட் கிராசுக்கு நன்கொடை குடுங்கப்பான்னு கிளம்பிட்டாங்க. அது யாரையும் திட்டாத தப்பு, உங்கப்பா திட்டியிருக்கார், அதனால சிரிச்சு மழுப்ப முடியாது. ஆனா சீக்கிரம், சின்னதா, மனுஷன் மாதிரி பேசணும்ங்கிறது ரெண்டுக்கும் பொது.

நெல்லை_வாசு | 11.55

என்னத்த மன்னிப்பு கின்னிப்பு. சைபர் கிரைம்ல ஐடி சட்டம் 66ஏ ல ஒரு கம்ப்ளைன்ட்ட போடுங்க அண்ணாச்சி, ரீலு தானா இறங்கும்

வக்கீல்_மதுரை | செவ்வாய் காலை 7.20

வாசு அண்ணாச்சி, 66ஏ செத்து வருஷம் எத்தனையோ ஆச்சு. 2015 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டே அடிச்சுத் தூக்கிட்டாங்க, இன்னும் அத வச்சு பயமுறுத்துற ஆளுங்க இருக்கீங்களே.

கடைக்காரத் தம்பிக்கு: அவதூறுன்னு பார்த்தா இப்ப புது குற்றவியல் சட்டமான பிஎன்எஸ்ல 356, முன்னாடி பழைய ஐபிசில 499, 500ன்னு இருந்தது. ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனைக்கு இடம் இருக்கு. ஆனா காசு குடுத்து வாங்கின ஆளு, பில் கையில வச்சுக்கிட்டு, எனக்கு வந்தது காறல் அடிச்சுச்சுன்னு சொல்றது அவங்க அனுபவம். அத பொய்னு நீ நிரூபிக்க எறங்கினா கேஸ் முடியுறதுக்குள்ள உங்க பேரன் கடைக்கு வந்துடுவான். இன்னொண்ணு, ஓசியில கேட்டிருப்பன்னு உங்கப்பா பொதுவுல எழுதினாரே, அந்த அம்மா ஒரு நல்ல வக்கீல பார்த்தா நோட்டீஸ் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வரும்னு யோசிச்சுக்கோ.

பழைய_ஏஜென்சிக்காரன் | 7.48

வக்கீல் சார் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. ஹாலிவுட் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசன்ட் 2003ல கேஸ் போட்டாங்க, கடற்கரை அரிப்ப பதிவு பண்ண ஒருத்தர் ஹெலிகாப்டர்ல இருந்து எடுத்த ஆயிரக்கணக்கான போட்டோவுல அவங்க வீடும் இருந்துச்சுன்னு, 5 கோடி டாலர் கேட்டு. கேசுக்கு முன்னாடி அந்தப் போட்டோவ மொத்தம் 6 தடவைதான் டவுன்லோட் பண்ணியிருந்தாங்க, அதுலயும் 2 அவங்க வக்கீலுங்களே பண்ணது. கேஸ் செய்தி வந்த ஒரே மாசத்துல 4 லட்சம் பேருக்கு மேல அந்த சைட்டுக்குப் போய்ப் பார்த்தாங்க. மறைக்கப் போய் ஊரக் கூட்டுறதுக்கு இப்ப அவங்க பேரையே வச்சிட்டாங்க. கேசும் தோத்துச்சு.

உன் ரீல் 2 லட்சத்துல நிக்குது. நோட்டீஸ் விட்டா அடுத்த ரீலே அந்த நோட்டீஸ்தான்.

ரிவ்யூ_எழுதுறவ | 9.05

நான் அந்த அக்கா இல்ல, ஆனா அவங்க மாதிரிதான், கடை கடையா ரிவ்யூ எழுதுற ஆளு. எங்க பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். ரீல் எடுக்குறது ஒண்ணும் சும்மா இல்ல, ஒரு மணி நேர வேலை. முதல்ல கடைக்கு மெசேஜ் பண்ணுவோம், 400 500 ரூபா போனா போகுது, ஆனா யாராச்சும் பதில் சொல்லுவாங்களான்னு பார்ப்போம். ரெண்டு மெசேஜ் பண்ணிட்டு காத்திருந்திருக்காங்க பாருங்க, அது பழிவாங்குற ஆளு பண்ற வேலை இல்ல.

அப்புறம் அந்த 40 ரிவ்யூ. உங்க கடை எதுன்னு தெரியாது, ஆனா இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கேன். எல்லாம் ஒரே ராத்திரி, எல்லாருக்கும் அதான் முதல் ரிவ்யூ, எல்லாரும் "நல்ல சுவை நல்ல தரம்", பாதிப் பேருக்கு ஒரே இனிஷியல். சின்னப் புள்ளைக்குக் கூட தெரியும். அத முதல்ல எடுக்கச் சொல்லுங்க.

சேவுக்கடை_மகன் | 9.30

சொல்லிட்டேன் அக்கா, மச்சான் கோச்சுக்கிட்டான். அதுல ஒரு பெரியம்மா "சேவு அருமை, கல்யாணத்துக்கு வரலைன்னு வருத்தம்"னு எழுதியிருக்காங்க, படிச்சிட்டு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல

மொறுமொறு | 9.33

பெரியம்மா ரிவ்யூ மட்டும் இருக்கட்டும் ப்ளீஸ்

வக்கீல்_மதுரை | 9.50

சிரிப்பு இருக்கட்டும், போலி ரிவ்யூவ கூகுள் கண்டுபிடிச்சா எடுக்கும், ரொம்பப் போனா கடை ப்ரொஃபைல் மேலயே கை வைக்கும். நம்ம ஊர்லயும் ஆன்லைன் ரிவ்யூவுக்குன்னு பிஐஎஸ், அதான் இந்தியத் தர நிர்ணய அமைப்பு, 2022ல தனித் தரம் கொண்டு வந்திருக்காங்க, ஐஎஸ் 19000னு. இப்போதைக்கு அவங்கவங்க விருப்பம்தான், கட்டாயம் இல்ல. ஆனா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுதுல்ல.

டிஜிட்டல்_தளபதி | 11.15

ப்ரோ இவ்வளவு யோசிக்கவே வேணாம். எனக்குத் தெரிஞ்ச ஃபுட் வ்லாகர் இருக்காப்ல, 15 ஆயிரம் குடுத்தா கடைக்கே வந்து "மக்களே வேற லெவல்"னு ஒரு வீடியோ போட்டுருவாப்ல. பழைய ரீல் கீழ போயிரும். டிஎம் பண்ணுங்க

பழைய_ஏஜென்சிக்காரன் | 11.28

தளபதி, காசு வாங்கிட்டு போட்டா விளம்பரம்னு வீடியோவுல சொல்லணும், விளம்பரத் துறையோட சுய கட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2021லயே விதி போட்டுட்டாங்க, 2023 ஜனவரில மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டி விட்டுச்சு. நுகர்வோர் சட்டத்துல ஏமாத்து விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரைக்கும், திரும்பப் பண்ணா 50 லட்சம் வரைக்கும் போகும். இந்த நேரத்துல விளம்பரம்னு போட்டு "வேற லெவல்"னா எவன் நம்புவான், போடாம விட்டா எப்ப மாட்டுவோம்னு உக்காந்திருக்கணும்.

எண்ணெய்_இன்ஜினியர் | மதியம் 1.10

எல்லாரும் கமென்ட்டு ரீலுன்னு பேசிட்டு இருக்கீங்க, ஒருத்தராவது சேவு பத்தி கேட்டீங்களா? நான் ஃபுட் டெக்னாலஜி, ஸ்நாக்ஸ் கம்பெனில க்வாலிட்டில இருக்கேன். காறல் வாடை சும்மா வராது. பொரிச்ச எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய வச்சா கெட்டுப் போகும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கணக்குப்படி போலார் காம்பவுண்ட், அதாவது எண்ணெய் கெடக் கெட அதுல சேர்ற பொருள், 25 சதவீதத்தத் தாண்டுன எண்ணெயத் தூக்கிக் கொட்டிடணும், 2018 ஜூலைல இருந்து இது விதி. அதுக்கு மீட்டரே இருக்கு. அடுத்து பாக்கெட், சாதாரண கவர்ல போட்டு மெழுகுவத்தியில ஒட்டுனீங்கன்னா காத்து உள்ள போகும், கூரியர் வேன்ல வெயிலும் சேர்ந்தா எட்டு நாள்ல நல்ல சேவே காறிடும்.

ஒரே ஒரு கேள்வி தம்பி. அந்த பேட்ச் எப்ப சுட்டது, யார் சுட்டது, எண்ணெய் எத்தனாவது நாள்? பார்த்தீங்களா இல்லையா?

சேவுக்கடை_மகன் | இரவு 10.50

மதியத்துல இருந்து பதில் போடாததுக்குக் காரணம் இருக்கு. இன்ஜினியர் சார் கேட்டத பார்த்துட்டு நேரா பட்டறைக்குப் போனேன். நோட்டப் பார்த்தேன். அந்த வாரம் எங்க சேவு மாஸ்டர் அவர் ஊர்ல பொங்கல் வைக்கப் போயிருந்தார், சித்தப்பா பையன்தான் சட்டியில நின்னான். மாஸ்டர் சாயங்காலமானா மிச்ச எண்ணெய எடுத்துருவார், இவன் மேலயே புது எண்ணெய ஊத்தி ஊத்தி மூணு நாள் ஓட்டியிருக்கான். கடைக்கு வந்து வாங்கினவங்களும் ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க, கல்லால இருந்த அப்பா "மொளகா வாடைம்மா அது"ன்னு அனுப்பி விட்டிருக்கார்.

அந்த அக்கா சொன்னது நிஜம். கூரியர் பாதி, நாங்க பாதி. நாலு நாளா நான் எப்படி பேரக் காப்பாத்துறதுன்னு சுத்திட்டு இருந்திருக்கேன், ஒரு பிடி சேவ எடுத்து வாயில போட்டுப் பார்க்கல.

ரிவ்யூ_எழுதுறவ | 11.02

இத அப்படியே எழுதுங்க. இதுதான் உங்க போஸ்ட்.

வக்கீல்_மதுரை | 11.15

அப்படியே எழுதாதே! நில்லு. மூணு நாள் எண்ணெய்னு எழுத்துல ஒத்துக்கிட்டா நாளைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து நின்னா என்ன சொல்லுவ?

ஸ்காபரோ_யாழ் | 11.40

தம்பி நான் இஞ்ச கனடாவில ஒரு தமிழ்க் கடையில வேலை செய்யுறன், உங்கட ஊர்ச் சேவு இஞ்சயும் வாறது. இஞ்ச ஒன்ராரியோவில 2009 இல இருந்து ஒரு சட்டம் இருக்கு, மன்னிப்புக் கேட்டால் அதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதா கோட்டில காட்டேலாது எண்டு. அதால முதலாளிமார் பயமில்லாமல் சொறி சொல்லுவினம். உங்கட பக்கம் எப்பிடியோ தெரியேல்ல.

வக்கீல்_மதுரை | புதன் காலை 6.55

நம்ம பக்கம் அப்படி தனிச் சட்டம் இல்லீங்க. சரி ராத்திரி பூரா யோசிச்சேன், கொஞ்சம் இறங்கி வரேன். எண்ணெய மாத்தி, கணக்கு எழுதி, ஒழுங்கு பண்ணிட்டேன்னு காட்டுற கடைய எந்த அதிகாரியும் முதல்ல கடிக்க மாட்டார். எழுது, ஆனா போடுறதுக்கு முன்னாடி இங்க காட்டு.

ஹெச்ஆர்_கோவை | 8.30

இடையில வரேன், மன்னிக்கவும். இங்க யாரும் அப்பாவ பத்தி சரியா பேசலன்னு தோணுது. அது அவர் சொந்த ஐடி, கடை ஐடி இல்லன்னு நாளைக்கு ஒரு வாதம் வரும். செல்லாது. நான் ஆள் எடுக்குற வேலைல இருக்கேன், லிங்க்ட்இன்ல கோட்டு சூட்டோட இருக்குற பையன் எக்ஸ்ல போய் பழைய மேனேஜர பேர் சொல்லித் திட்டியிருந்தா அது கண்ணுல படத்தான் செய்யுது.

2013 டிசம்பர்ல நியூயார்க்ல ஒரு பெரிய கம்பெனியோட பிஆர் டைரக்டர், கம்பெனி பேரக் காப்பாத்துறதே வேலையா இருந்தவங்க, லண்டன்ல விமானம் ஏறுறதுக்கு முன்னாடி ஆப்பிரிக்காவையும் எய்ட்சையும் வச்சு ஒரு கேவலமான ஜோக் போட்டாங்க. பின்தொடர்றவங்க மொத்தமே 170 பேர்தான். கேப்டவுன் போக 11 மணி நேரம், போன் ஆஃப். இறங்கிப் போன ஆன் பண்ணும்போது உலகமே இவங்கள பத்திதான் பேசிட்டு இருக்கு, வேலையும் போச்சு. 170 பேர்தானேன்னு நினைச்சிருப்பாங்க.

தனிக்காட்டு_ராசா | 8.52

அதென்ன மேடம், ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்து நான் போடுறதுக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? 8 மணி நேரத்துக்குத்தான் சம்பளம், 24 மணி நேரமும் நான் உங்க விளம்பரப் பலகையா? 2021ல சொமேட்டோ பண்ணத பாருங்க. தமிழ்நாட்டு கஸ்டமர்கிட்ட இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும்னு சாட்ல சொன்னது அந்தப் பொண்ணு தப்புதான், ஆனா ட்ரெண்ட் ஆன உடனே வேலைய விட்டுத் தூக்கிட்டோம்னு அறிக்கை விட்டாங்களே, யார் மூஞ்சியக் காப்பாத்த?

ஹெச்ஆர்_கோவை | 9.10

அதே நாள்ல முதலாளி தீபிந்தர் கோயலே திரும்ப வேலைக்கு எடுக்குறேன்னு சொன்னார், அதையும் சொல்லுங்க. ஆனா உங்க கோபத்துல பாதிக்கு நான் ஒத்துக்கிறேன். ஒருத்தரத் தூக்கிக் காட்டி கம்பெனி நல்ல பேர் வாங்குறது எனக்கும் பிடிக்காது.

பழைய_ஏஜென்சிக்காரன் | 9.25

ரெண்டு பேரும் ஒரு விஷயத்த விட்டுட்டீங்க. தூக்குனதுக்கும் திட்டு, திரும்ப எடுத்ததுக்கும் திட்டு. ஆனா அந்த அறிக்கை தமிழ்லயே வந்துச்சு, ஆப்ப தமிழ்ல கொண்டு வர்றோம், கோயம்புத்தூர்ல தமிழ் கால் சென்டர் வைக்கிறோம்னு இருந்துச்சு பாருங்க, வேலைக்காகுற பகுதி அதுதான். அதுக்கப்புறம் சகிப்புத்தன்மை இன்னும் வேணும்னு முதலாளி ஜனங்களுக்குப் பாடம் எடுக்கப் போக, அடங்குன நெருப்பு திரும்பப் பத்திக்கிச்சு. தம்பி, உன் போஸ்ட்ல பாடம் எடுக்காத.

சேவுக்கடை_மகன் | மதியம் 12.40

எழுதிட்டேன், பாருங்க:

"எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் அதற்காக வருந்துகிறோம். மூன்று தலைமுறையாக தரத்தில் சமரசம் செய்யாத எங்கள் நிறுவனம்..."

ரிவ்யூ_எழுதுறவ | 12.44

"ஏற்பட்டிருந்தால்" ஆ? அதான் ஏற்பட்டுச்சே! அந்த "இருந்தால்" தான் ஜனங்கள கடுப்பாக்குறது. அப்புறம் உங்க வீட்டுல யார் இப்படிப் பேசுறா, ரேஷன் கடை போர்டு மாதிரி

மொறுமொறு | 12.46

"சமரசம் செய்யாத" னு எங்க பார்த்தாலும் எனக்கு வயித்தக் கலக்குது

எண்ணெய்_இன்ஜினியர் | 1.05

என்ன மாத்தினீங்கன்னு போடுங்க. எண்ணெய் மாத்துன தேதிய கடையில போர்டுல எழுதுறோம், பாக்கெட்ல சுட்ட தேதி போடுறோம், இதெல்லாம். பாக்கெட்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பரும் தேதியும் எப்படியும் இருக்கணும், இல்லன்னா இன்னைக்கே அச்சடிங்க.

சேவுக்கடை_மகன் | மாலை 6.20

அப்பா ஒத்துக்க மாட்டேங்கிறார். நாம ஏன் மன்னிப்பு கேக்கணும், அந்தப் பொண்ண கடைக்குக் கூப்பிட்டு நல்ல சேவு குடுத்து, தெரியாம போட்டுட்டேன்னு அவ சொல்றத வீடியோ எடுத்துப் போடுவோம்ங்கிறார். அத்தையும் அதுக்கு ஜே போடுறாங்க.

வக்கீல்_மதுரை | 6.31

வேணவே வேணாம். 2024 செப்டம்பர் அன்னபூர்ணா விஷயம் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு. கோயம்புத்தூர் கூட்டத்துல பன்னுக்கு ஜிஎஸ்டி இல்ல, உள்ள க்ரீம் வச்சா 18 சதவீதம்னு அந்த ஓட்டல் முதலாளி நிதியமைச்சர்கிட்ட சிரிச்சுக்கிட்டே கேட்டார். மறுநாள் அவர் அமைச்சர தனியா சந்திச்சு மன்னிப்பு கேக்க, அந்த வீடியோ வெளிய வந்துச்சு. அப்புறம் என்னாச்சு? ஜனங்க அத்தன பேரும் அந்தப் பெரியவர் பக்கம் நின்னாங்க, வீடியோவ வெளிய விட்டதுக்கு பிஜேபி மாநிலத் தலைவரா இருந்த அண்ணாமலையே மன்னிப்பு கேக்க வேண்டியதாச்சு. ஒருத்தர் தலை குனியுறத படம் பிடிச்சுப் போட்டா, பாக்குறவன் குனிஞ்சவன் பக்கம்தான் போவான்.

ஸ்காபரோ_யாழ் | இரவு 8.15

உங்கட அப்பாவைக் கேளுங்கோ, உங்கட தாத்தா கடையில நிக்கேக்க ஒரு ஆள் சேவு காறுது எண்டு திருப்பிக் கொண்டு வந்தால் அவர் என்ன செய்திருப்பார் எண்டு.

சேவுக்கடை_மகன் | வியாழன் இரவு 9.40

ஸ்காபரோ அண்ணன் கேக்கச் சொன்னத அப்படியே கேட்டேன். அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், தாத்தா அப்படித் திரும்பி வந்த சேவ ஆள் முன்னாடியே சாக்குல கொட்டிட்டு புதுசா அளந்து குடுப்பார், காசும் வாங்க மாட்டார்னு அவரே சொன்னார். சொல்லிட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டார். அரை மணி நேரம் கழிச்சு வந்து "எழுதிக்கோ, நான் சொல்றேன்"ன்னார். போட்டது இதுதான்:

"சேவு காறல்னு நீங்க சொன்னது சரிதாம்மா. அந்த வாரம் எண்ணெய் பார்க்கிறதுல எங்க பக்கம் கவனம் தப்பிருச்சு. நீங்க மெசேஜ் பண்ணியும் நாங்க பார்க்கல. அதுக்கு மேல நான் உங்கள தப்பா எழுதுனேன், அது பெரிய தப்பு. காச அனுப்பிட்டோம். இனிமே எண்ணெய் மாத்துன தேதி கடையில போர்டுல இருக்கும், யார் வேணா வந்து பார்க்கலாம்." கீழ அப்பா பேரு.

அப்பாவோட பழைய கமென்ட்ட எடுத்துட்டு அதே இடத்துலயும் இதையே போட்டோம். அந்த அக்கா ரீல எடுக்கல, நாங்களும் கேக்கல. ஆனா எங்க பதில மேல பின் பண்ணி வச்சிருக்காங்க. கூரியர் ஆர்டர் இன்னும் பாதிதான் வருது. "இப்ப மட்டும் ஒத்துக்கிறீங்களா"ன்னு திட்டும் வருது, வாங்கிக்கிறோம்.

பழைய_ஏஜென்சிக்காரன் | 9.58

நல்லது. பாதி ஆர்டர் திரும்ப வர மாசக்கணக்காகும், பதறாத. மெசேஜ் ரிக்வெஸ்ட்ட தினம் ரெண்டு தடவை பாரு. ஆமா, கேக்கவே மறந்துட்டேன், ஃபேஸ்புக் பேஜ்ல ஃபுல் கன்ட்ரோல் யாருகிட்ட இருக்கு? டூ ஃபேக்டர் போட்டிருக்கியா?

சேவுக்கடை_மகன் | 10.06

பேஜ் ஆரம்பிச்சுக் குடுத்தது லோகோ போட்ட தம்பி, அவன் ஐடியிலதான் இருக்கு, எனக்கு போஸ்ட் போட மட்டும் குடுத்திருக்கான். அவன் இப்ப துபாய்ல

பழைய_ஏஜென்சிக்காரன் | 10.07

இப்பவே அவனுக்குப் போன் போடு. இப்பவே.

சேவுக்கடை_மகன் | வெள்ளி காலை 7.15

எடுத்துட்டான், நல்ல பையன், கன்ட்ரோல் மாத்திக் குடுத்துட்டான்.

ஆனா புதுப் பிரச்சனை. போனத் திருப்பிக் குடுத்ததும் அப்பா கூகுள்ல இருக்குற பழைய 1 ஸ்டார் எல்லாத்துக்கும் விடிய விடிய பதில் எழுதியிருக்கார். 2019ல ஒருத்தர் "பார்க்கிங் இல்லை"ன்னு போட்டிருக்கார், அதுக்கு "வாங்க தம்பி, என் வண்டிய எடுத்துட்டு அந்த இடத்துல விடுங்க"ன்னு எழுதி போன் நம்பரும் போட்டுட்டார். காலையில இருந்து போன் நிக்கல.

வக்கீல்_மதுரை | 7.22

எழுத்துல குடுத்தாச்சுல்ல, வண்டிய எடுக்கச் சொல்லு